656480 எண்ட எண்ணுக்குள்ள என்ன கிடக்கு?

எண் சாத்திரத்தில எனக்குக் கனகாலமா ஒரு கோபம். இண்டைக்கு அதைக் கொட்டிப்போட்டுத்தான் மற்றக் கதை.

(பயப்பிடாதேங்கோ. கோபம் கொஞ்ச நேரம்தான். மிச்சம் முழுக்கச் சந்தோசம்.)

ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு மேசையில ஒரு ஐயா எங்கட ஊருக்கு, கனடாவில இருக்கிற பிறம்ரனுக்கு, பலன் சொல்லிக்கொண்டிருந்தார். 2021 குடித்தொகைக் கணக்கெடுப்பில பிறம்ரன்ர சனத்தொகை 656,480. அதை எடுத்தார். 6+5+6+4+8+0 = 29. பிறகு 2+9 = 11. பிறகு 1+1 = 2.

"இரண்டு சந்திரன்ர எண். அதுதான் இந்த ஊர்ச் சனம் ஒரு இடத்தில நிலையா இருக்குதில்லை" எண்டார்.

சுத்தியிருந்த எல்லாரும் தலையாட்டிச்சினம். எனக்குச் சோறு இறங்கேல்லை.

ஏன் எண்டு சொல்லுறன். இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவாறது எண்டால் என்ன? அந்த எண்ணை 9ஆல பிரிச்சால் வாற மீதி. அவ்வளவுதான். (மீதி 0 எண்டால் 9 எண்டு வைக்கவேணும்.) 9 × 72,942 = 656,478. மிச்சம் 2. ஐயா செய்தது அந்த 72,942ஐத் தூக்கி எறிஞ்சுபோட்டு, மிஞ்சின 2ஐ மட்டும் வைச்சுக் கதை சொன்னதுதான். உலகத்தில இருக்கிற எல்லா எண்ணும் அவருக்கு ஒன்பதே ஒன்பது பெட்டி. அடுத்த நாள் ஊரில ஒரு பிள்ளை பிறந்தால் 656,481. சந்திரன் போய் வியாழன் வந்திடும்!

ஒரு எண்ணைப் பார்க்கவேணும் எண்டு ஆசையிருந்தால் அந்த எண்ணைப் பாருங்கோவன். முழுசாப் பாருங்கோ. அதுக்கெண்டு ஒரு குணம் இருக்கு.

அண்டிரவு பேப்பரும் பேனையும் எடுத்துக்கொண்டு இருந்திட்டன். கல்குலேற்றர் பக்கத்தில கிடந்தது. ஆனா கையால பிரிக்கிற ருசி வேற.

முதல்ல காரணிகள். கடைசி இலக்கம் 0, அதால 10ஆல பிரியும். 65,648. இரட்டை எண். பாதியாக்கு, 32,824. பிறகும் இரட்டை. 16,412. 8,206. 4,103. நிண்டிட்டுது.

இப்பதான் விளையாட்டுத் தொடங்குது.

3ஆல பிரியுமோ? 4+1+0+3 = 8. இல்லை.
7ஆல? 7 × 586 = 4,102. ஒண்டு மிச்சம். (சீ, இவ்வளவு கிட்ட வந்து!)
11ஆல? ஒண்டு விட்டு ஒண்டு கூட்டிப் பார்க்கவேணும். 4+0 = 4. 1+3 = 4. இரண்டும் சமன். பிரியும்!

4,103 = 11 × 373. இந்த 373ஐ இனி உடைக்கேலாது. 7, 11, 13, 17, 19 எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாச்சு. அதுக்கு மேல போகத் தேவையில்லை, ஏனெண்டால் 20 × 20 = 400, 373ஐத் தாண்டிட்டுது. ஆக 373 ஒரு முதன்மை எண். (தமிழ்நாட்டு ஆக்கள் பகா எண் எண்டு படிச்சிருப்பினம்.)

656,480 = 2 × 2 × 2 × 2 × 2 × 5 × 11 × 373.

இந்த வரியை எழுதிப்போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தன். அந்த 373 சும்மா ஆளில்லை. முன்னால இருந்து வாசிச்சாலும் பின்னால இருந்து வாசிச்சாலும் 373. வலப்பக்கத்தால ஒவ்வொரு இலக்கமா வெட்டுங்கோ: 373, 37, 3. எல்லாம் முதன்மை. இடப்பக்கத்தால வெட்டுங்கோ: 373, 73, 3. அதுவும் எல்லாம் முதன்மை! இப்பிடி எந்தப் பக்கத்தால வெட்டினாலும் முதன்மையாவே நிக்கிற எண்கள் மொத்தம் 15தான். 2, 3, 5, 7இல தொடங்கி 739,397இல முடியுது. அதுக்கு மேல ஒண்டும் இல்லை எண்டு முழுசா நிரூபிச்ச விசயம். அந்தப் பதினைஞ்சு பேரில ஒருத்தர் எங்கட ஊர்ச் சனத்தொகைக்குள்ள இருக்கிறார்.

இன்னொண்டு. 656,480ஐ மிச்சமில்லாமப் பிரிக்கிற எண்கள், 1ஐயும் அதையும் சேர்த்து, 48. அந்த எண்ணை மட்டும் விட்டிட்டு மற்ற 47ஐயும் கூட்டினால் 1,039,984 வருது. எண்ணை விடக் கூட. இப்பிடிப்பட்டதுக்கு மிகை எண் எண்டு பேர். சரிசமனா வந்தால் நிறைவெண். 6உம் 28உம் மாதிரி. குறைஞ்சால் குறைவெண்.

சரி, எங்கட ஊர் மிகை. பக்கத்து ஊர்?

மிசிசாகா, அதே 2021 கணக்கெடுப்பில 717,961. இது லேசில வழிக்கு வரேல்லை. 17ஆல பிரியுது எண்டு கெதியாப் பிடிச்சிட்டன். 42,233 மிஞ்சிச்சுது. அதுக்குப் பிறகு 19, 23, 29, 31 எண்டு போட்டுக்கொண்டே போறன், ஒண்டும் பிரியுதில்லை. 205க்குக் கிட்டவரைக்கும் பார்த்தால் போதும் எண்டு தெரியும். ஆனா 100ஐத் தாண்டினதும், இது முதன்மைதான் போல எண்டு மனம் சொல்லத் தொடங்கிட்டுது. விடாம 113, 127, 131, 137, 139, 149, 151...

157 × 269 = 42,233.

தேத்தண்ணி ஆறிப்போச்சுது. பரவாயில்லை.

717,961 = 17 × 157 × 269. மூண்டு வேற வேற முதன்மைகள், ஒவ்வொண்டும் ஒரே ஒருக்கா. இதுக்கும் ஒரு வகைப்பேர் இருக்கு: ஸ்ஃபெனிக் எண். இந்த எண்ணை விட்டிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் அம்பதாயிரம்கூட வராது. மிசிசாகா சுத்தக் குறைவெண்.

இந்த மூண்டு முதன்மையையும் 4ஆல பிரிச்சுப் பாருங்கோ. 17, மிச்சம் 1. 157, மிச்சம் 1. 269, மிச்சம் 1. மூண்டுக்கும் மிச்சம் 1!

எனக்கு எண்களில ஆகப் பிடிச்ச விசயம் இதிலதான் இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாங்கோ.

பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில உடற்பயிற்சிக் காட்சிக்குப் பிள்ளையளைச் சதுரம் சதுரமா நிப்பாட்டுவினமெல்லே? பத்து வரி, வரிக்குப் பத்துப் பேர். அதுமாதிரி ஒரு ஊர்ச் சனம் முழுக்க, ஒருத்தரும் மிஞ்சாம, இரண்டே இரண்டு சதுரத்தில நிப்பாட்டேலுமோ? அதாவது, அந்த எண் இரண்டு வர்க்கங்களின்ர கூட்டுத்தொகையா?

மிசிசாகாவை நிப்பாட்டலாம். ஒரு விதமா இல்லை, நாலு விதமா:

144 × 144 + 835 × 835
520 × 520 + 669 × 669
844 × 844 + 75 × 75
780 × 780 + 331 × 331

நாலும் 717,961. கூட்டிப் பாருங்கோ. நான் கூட்டிப் பார்த்தன். 4ஆல பிரிச்சு 1 மிஞ்சுற முதன்மை ஒவ்வொண்டும் தானே இரண்டு வர்க்கமா உடையும் (17 எண்டால் 16+1, 157 எண்டால் 121+36, 269 எண்டால் 169+100). மூண்டையும் பெருக்கேக்க அந்த உடைவுகள் ஒண்டோடொண்டு பின்னி நாலு வழி வருது. ஃபெர்மா சொல்லி ஒயிலர் நிரூபிச்ச விசயம்.

ரொறன்ரோ? 2,794,356. அதையும் நிப்பாட்டலாம், ஒரே ஒரு விதமா: 1,590 × 1,590 + 516 × 516.

பிறம்ரன்?

ஏலாது.

எப்பிடி மாத்தி மாத்தி நிப்பாட்டினாலும் ஏலாது. காரணம் அந்த 11. ஒரு வர்க்கத்தை 11ஆல பிரிச்சால் மிச்சம் 0, 1, 3, 4, 5, 9 இதுகள் மட்டும்தான் வரும். 0ஐ விட்டிட்டு, இதில எந்த இரண்டை எடுத்துக் கூட்டினாலும் 11 வராது. (1க்கு 10 வேணும், இல்லை. 3க்கு 8, இல்லை. 4க்கு 7, இல்லை. 5க்கு 6, இல்லை. 9க்கு 2, இல்லை.) ஆக இரண்டு வர்க்கத்தின்ர கூட்டுத்தொகை 11ஆல பிரியுது எண்டால், இரண்டு வர்க்கமும் தனித்தனியாவே 11ஆல பிரியவேணும். அப்பிடியெண்டால் கூட்டுத்தொகை 121ஆல பிரியவேணும். 656,480க்குள்ள 11 ஒருக்காத்தான் இருக்கு. முடிஞ்சுது கதை!

இந்தச் சின்ன நிரூபணத்தை நான் ஆருக்கும் எங்கயும் சொல்லத் தயார். ஒரு கம்ப்யூட்டரும் வேண்டாம். லட்சக்கணக்கான சோடிகளைப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. அஞ்சு வரியில, எந்தக் காலத்துக்கும் ஏலாது எண்டு தெரிஞ்சிடுது.

மிசிசாகாவில இருக்கிற மச்சானுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னன். "பாத்தியளே, நாங்கள் எப்பிடி நிப்பாட்டினாலும் ஒழுங்கா நிப்பம்" எண்டான். சரி, விட்டுக்குடுத்தன். ஆனா மூண்டு சதுரம் தந்தால் எங்களாலும் ஏலும்: 808 × 808, 60 × 60, 4 × 4. கடைசிச் சதுரத்தில பதினாறே பதினாறு பேர். (அந்தப் பதினாறு பேரில ஒருத்தரா நிக்க எனக்கு விருப்பம்.)

சரி, இனி ராமானுஜன். 1729 கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கோ. 1915இல அவர் லண்டன் கணிதச் சங்கத்தின்ர இதழில ஒரு நீளமான கட்டுரை வெளியிட்டார். தனக்கு முன்னால வந்த அத்தனை எண்ணையும் விடக் கூடின காரணி உள்ள எண்களைப் பற்றி. 12க்கு ஆறு காரணி, அதுக்கு முதல் ஒண்டுக்கும் ஆறு இல்லை. பிறகு 24, 36, 48, 60 எண்டு போகும். மேல போகப் போக இடைவெளி பெருக்கும். எங்கட ஊர் அளவுக்கு வந்தால் இரண்டு பேர் நிக்கினம்: 665,280 (224 காரணி), 720,720 (240 காரணி).

665,280 எண்டால் 12 × 11 × 10 × 9 × 8 × 7. என்ன வடிவு பாருங்கோ! பிறம்ரன் அதுக்கு 8,800 பேர் குறைவில நிண்டது. 2016இல 593,638, 2021இல 656,480. அஞ்சு வருசத்தில 62,842 பேர் கூடியிருக்கினம். அதே வேகத்தில போயிருந்தால் கணக்கெடுப்பு முடிஞ்சு ஒரு வருசத்துக்குள்ள 665,280ஐத் தாண்டியிருப்பம். ராமானுஜன்ர எண்ணை எங்கட ஊர் தாண்டின நாள் எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அது உண்மையாவே கவலை. கேக் வெட்டியிருக்கவேண்டிய நாள்.

மிசிசாகா இன்னும் விசித்திரம். 2016இல 721,599. 2021இல 717,961. அங்க சனம் குறைஞ்சிருக்கு. அப்ப இடையில எங்கயோ 720,720ஐ மேல இருந்து கீழ கடந்திருக்கவேணும்! 1இல இருந்து 16 வரைக்கும் எல்லா எண்ணாலும் மிச்சமில்லாமப் பிரியிற ஆகச் சின்ன எண் அது.

இப்ப கொஞ்சம் சண்டை.

ராமானுஜனை இங்கிலாந்துக்குக் கூப்பிட்ட ஹார்டி, 1940இல ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதில எண் விந்தைகள் சிலதை எடுத்துக் காட்டி, இதுகள் பத்திரிகைப் புதிர்ப் பக்கத்துக்குச் சரி, கணிதக்காரனை ஈர்க்க இதில ஒண்டும் இல்லை எண்டு தள்ளிவிடுறார். அவர் தள்ளினதில ஒரு கூட்டம் 153, 370, 371, 407. ஒவ்வொரு இலக்கத்தையும் மூண்டு தரம் பெருக்கிக் கூட்டினால் அதே எண் வரும்.

407!

எங்கட 407! பிறம்ரனுக்குத் தெற்கால, காசு கட்டி ஓடுற பெருந்தெரு. 4 × 4 × 4 = 64. 7 × 7 × 7 = 343. இரண்டையும் கூட்டினால் 407. இந்தக் குணம் உள்ள மூண்டிலக்க எண் உலகத்தில நாலே நாலு. அதில ஒண்டின்ர பேரைத் தெருப் பலகையில பார்த்துக்கொண்டு நாங்கள் வேலைக்குப் போறம்.

ஹார்டி சொன்னதில நியாயம் இருக்கு. அதை நான் மறுக்கேல்லை. 407இன்ர இந்தக் குணம் எங்களுக்குப் பத்து விரல் இருக்கிறதால வந்தது. எட்டு விரலோட பிறந்திருந்தால் அதே எண்ணை 627 எண்டு எழுதியிருப்பம். 216 + 8 + 343 = 567. எட்டின் முறையில எழுதினாலும் அது 627 ஆகாது. ஆனா 11 × 37 எண்ட உடைவு எத்தினை விரல் இருந்தாலும் மாறாது. செவ்வாயில ஆக்கள் இருந்தாலும் அவைக்கும் பிறம்ரன்ர 656,480 இரண்டு சதுரத்துக்குள்ள அடங்காது. உடைவும் சதுரமும் எண்ணின்ர சொந்தக் குணம். மற்றது நாங்கள் எழுதுற முறையில இருந்து வாற குணம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கவேணும் எண்டு நான் அடிச்சுச் சொல்லுவன்.

ஆனா இரண்டாவதைத் தள்ளிவிடச் சொல்லி எனக்கு மனம் வராது. ஏனெண்டால் கப்ரேக்கர்.

நாசிக்குக்குப் பக்கத்தில தேவ்லாலியில பள்ளிக்கூட வாத்தியார். ஹார்டியின்ர உலகத்துக்கும் அவருக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. இலக்கங்களோடயே விளையாடி வாழ்ந்த மனிசன். 6174ஐக் கண்டுபிடிச்சார். பிறம்ரன் மாநகரமான வருசத்தை எடுங்கோ: 1974. அந்த நாலு இலக்கத்தையும் பெரிசில இருந்து சின்னனா அடுக்கி, சின்னனில இருந்து பெரிசா அடுக்கிக் கழியுங்கோ. 9741 − 1479 = 8262. திரும்பவும் அதே வேலை. 6354. 3087. 8352. 6174. அதுக்குப் பிறகு எத்தினை தரம் செய்தாலும் 6174தான். எல்லா இலக்கமும் ஒண்டா இல்லாட்டி எந்த நாலிலக்க எண்ணும் அங்கதான் போய்ச் சேரும். ஒரு பத்து வயசுப் பிள்ளைக்கு முன்னால இதைச் செய்து காட்டுங்கோ. அந்த முகத்தைப் பார்த்துப்போட்டு, இது கணிதமில்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

ஹர்ஷத் எண் எண்டு பேர் வைச்சதும் அவர்தான். இலக்கங்களின்ர கூட்டுத்தொகையாலயே பிரியிற எண். ரொறன்ரோவை எடுங்கோ: 2+7+9+4+3+5+6 = 36. 2,794,356ஐ 36ஆல பிரிச்சால் 77,621. சுத்தமாப் பிரியுது! (ஐயா இதைக் கூட்டியிருந்தால் 9 எண்டு சொல்லி எழும்பிப் போயிருப்பார். 36ஓட நிப்பாட்டியிருந்தால் ஒரு புதையல் கிடைச்சிருக்கும்.) வந்த 77,621 ஒரு முதன்மை எண். அப்பிடி வந்தால் அதுக்குத் தனிப்பேர், மோரன் எண். பிறம்ரன் ஹர்ஷத் இல்லை. 29ஆல பிரிச்சால் 7 மிஞ்சுது.

எங்களுக்கு வேற ஒண்டு கிடைச்சுது. அதைத்தான் இவ்வளவு நேரமும் ஒளிச்சு வைச்சிருந்தன்.

ஒரு எண்ணை எடுத்து, அதைத் திருப்பி எழுதிக் கூட்டவேணும். வந்த விடையையும் திருப்பிக் கூட்டவேணும். முன்னும் பின்னும் ஒரேமாதிரி வாசிக்கிற எண் வாற வரைக்கும். சிலதுக்கு ஒரு தரத்திலயே வந்திடும். 196க்கு இண்டைவரைக்கும் வரேல்லை. கம்ப்யூட்டரில கோடிக்கணக்கான இலக்கம் நீளத்துக்குப் போயும் வரேல்லை. வருமோ வராதோ எண்டு நிரூபிக்கவும் ஒருத்தராலும் ஏலேல்லை.

பிறம்ரனைப் போட்டன்.

656,480 + 084,656 = 741,136
741,136 + 631,147 = 1,372,283
1,372,283 + 3,822,731 = 5,195,014
5,195,014 + 4,105,915 = 9,300,929

(இந்த இடத்தில வயித்துக்குள்ள ஏதோ செய்யுது. கடைசி 929ஐ மட்டும் பார்த்தால் வந்திட்டுது மாதிரிக் கிடக்கு. ஆனா முழு எண்ணில வரேல்லை.)

9,300,929 + 9,290,039 = 18,590,968
18,590,968 + 86,909,581 = 105,500,549
105,500,549 + 945,005,501 = 1,050,506,050
1,050,506,050 + 0,506,050,501 = 1,556,556,551

1556556551.

திருப்பி வாசியுங்கோ!

நடுச்சாமத்தில மனிசியை எழுப்பிக் காட்டினன். "வடிவாத்தான் இருக்கு, லைற்றை நூருங்கோ" எண்டா. எழுதுற முறையால வந்த குணம்தான், செவ்வாய்க்காரருக்கு இது விளங்காது, எல்லாம் தெரியும். தெரிஞ்சும் நெஞ்சு நிறைஞ்சு போச்சுது.

இந்த வேலையைத் தொடங்கினால் பிறகு ஒரு எண்ணையும் சும்மா விடேலாது. எங்கட பக்கத்து ஃபோன் எண் முன்குறிகளையே எடுங்கோ. 1993இல வந்த 905, வெறும் 5 × 181. 2001இல வந்த 289, 17 × 17, நல்ல வர்க்கம். 2013இல வந்த 365தான் ராசா: 100 + 121 + 144 = 365, 169 + 196 உம் 365. அதாவது 10, 11, 12இன்ர வர்க்கங்களைக் கூட்டினாலும், 13, 14இன்ர வர்க்கங்களைக் கூட்டினாலும் ஒரே விடை. 2021இல வந்த 742ஐ ஒண்டுக்கும் உதவாது எண்டு நினைச்சன். பாதியாக்கிப் பார்த்தால் 371. ஹார்டி தள்ளிவிட்ட நாலு பேரில ஒருத்தர்! ரொறன்ரோப் பக்கத்தில 647 முதன்மை. 437 முதன்மை மாதிரி நடிக்கும், ஆனா 19 × 23. 942க்குள்ள 157 இருக்கு, மிசிசாகாவுக்குள்ள ஒளிஞ்சிருந்த அதே 157.

உங்கட வீட்டு இலக்கம், பஸ் இலக்கம், கார்த் தகட்டு இலக்கம் எல்லாத்தையும் பிரிச்சுப்போட்டு எனக்கு எழுதுங்கோ. 11இல முடிஞ்சுதோ, 13இல முடிஞ்சுதோ, உடையாமலே நிண்டுதோ எண்டு அறிய ஆசை. ராசியான எண்ணோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ.

நான் 2026 கணக்கெடுப்பின்ர எண்ணுக்குத்தான் காத்திருக்கிறன். ஏழெட்டு லட்சம் அளவில பார்த்தால் பதின்மூண்டு, பதினாலு எண்ணுக்கு ஒண்டு முதன்மையா வரும். பிறம்ரனுக்கு அப்பிடி ஒண்டு விழுந்தால் அது இரண்டில ஒரு வகை. 4ஆல பிரிச்சு 1 மிஞ்சினால் முழு ஊரையும் இரண்டு சதுரத்தில நிப்பாட்ட ஒரே ஒரு வழி இருக்கும், அந்த வழியை நான் தேடிப் பிடிச்சுப் போடுவன். 3 மிஞ்சினால், மச்சான் திரும்பவும் வெண்டிடுவான்.